மட்கார்டில் உரசும் டயரும் அம்பாசிடரின் முறுக்குக் கம்பியும்

பழைய கார்களைப் பேணி ஓட்டுவோர் பட்டறைக்குக் கொண்டுவரும் குறைகளுள், முன்சக்கரத்தின் டயர் மட்கார்டின் உட்புறத்திலோ விளிம்பிலோ உரசுவது பார்வைக்குச் சிறியது. காரணத்தைத் தேடப் புகுந்தால் மட்டுமே அதன் ஆழம் தெரியும். சக்கரத்தின் மேல் வளைந்து நின்று சேற்றையும் சரளைக்கல்லையும் தடுக்கும் தகடே மட்கார்டு எனப்படுகிறது. அதற்கும் டயருக்கும் இடையில் காரை வடிவமைத்தவர்கள் விட்ட இடைவெளி, சக்கரம் மேடு பள்ளங்களில் ஏறி இறங்குவதற்கும், ஸ்டியரிங்கை முழுவதுமாக ஒடிக்கும்போது டயர் திரும்புவதற்கும் ஒருசேரப் போதுமானதாகவே கணக்கிடப்பட்டிருந்தது. ஆகவே நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு காரில் டயர் உரசுகிறதென்றால், தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் இருந்த ஏதோ ஓர் அளவு இப்போது மாறியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். மாறிய அளவு எது என்று கண்டறியாமல் மட்கார்டின் விளிம்பைச் சுத்தியலால் தட்டி மடிப்பதும், சில இடங்களில் தகட்டையே வெட்டி எடுப்பதும் வழக்கமாக இருப்பது வருந்தத்தக்கது.

இவ்வுரை அம்பாசிடர் காரை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950களின் இறுதியில் உருவாக்கத் தொடங்கிய இக்கார், 2014 மே மாதம் வரை அங்கிருந்து வெளிவந்துகொண்டிருந்தது. தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான 1965ஆம் ஆண்டிலிருந்து பல பத்தாண்டுகள் வரை, அங்கே அரசு அலுவலரின் வாகனமும் வாடகைக் காரும் கல்யாண வண்டியும் பெரும்பாலும் இதுவே. அவற்றுள் எஞ்சியவை இன்று ஆர்வலர்களின் வீட்டு முகப்புகளில் மெருகேறி நிற்கின்றன. ஃபியட் வழிவந்த பத்மினியும், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இதே குறைக்கு ஆளாவதுண்டு. எனினும் அவற்றின் முன்சக்கரங்களைச் சுருள்வில்கள் தாங்குகின்றன. அம்பாசிடரின் முன்பாரத்தைத் தாங்குவது வேறொரு பொருள். இந்த வானொலி உரையின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குவது தகும். அதற்குமுன் உரசலின் இடத்தையும் தருணத்தையும் கண்டறிவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

உரசல் எப்போது நிகழ்கிறது என்பதே முதல் தடயம். கார் நேராகச் செல்லும்போது வேகத்தடையில் ஏறி இறங்கும் கணத்தில் உரசினால், சக்கரம் மேலேறுவதற்கான இடம் குறைந்துவிட்டது எனலாம். சமதரையில் மெல்லச் சென்று ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது மட்டும் உரசினால், டயரோ ரிம்மோ அகன்றிருக்கக்கூடும். நேர்ச்சாலையில் பிரேக்கை அழுத்தும்போது மட்கார்டின் பின்விளிம்பில் உரசினால், கீழ்க்கையை முன்பின் நகராமல் பிடித்திருக்கும் கம்பியின் ரப்பர் புஷ்கள் நைந்து, சக்கரம் முழுவதுமாகப் பின்னோக்கித் தள்ளப்படுகிறது என்று ஐயுறலாம். கீழ்க்கை என்பது சக்கரத்தின் அடிப்பகுதியைச் சட்டத்துடன் இணைத்து, கீல்போல மேலும் கீழும் அசையும் இரும்புக்கை. புஷ் என்பது அந்தக் கீலுக்குள் இருக்கும் ரப்பர் வளையம். உரசும் இடத்தைக் காண விளிம்பின் உட்புறத்தில் சாக்குக்கட்டியைத் தடவி ஓட்டிப் பார்க்கும் முறை பட்டறைகளில் உண்டு. செம்மண் நிலம் மிகுந்த பகுதிகளில் அந்தச் செலவும் தேவையில்லை; மழைநாளில் வயற்காட்டுப் பாதையில் சென்று வந்த காரின் மட்கார்டு உட்புறம் முழுவதும் சேறு அப்பியிருக்க, டயர் பட்ட இடம் மட்டும் துடைத்தாற்போல் பளபளக்கும். இடம் ஒரு பக்கத்தில் மட்டுமா, இருபக்கத்திலுமா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் மட்டும் உரசும் காரில், பழைய விபத்தொன்றுக்குப் பின் மட்கார்டு கோணலாகப் பூட்டப்பட்டிருக்கலாம் என்ற எண்ணமும் எழ வேண்டும்.

டயரின் அளவு பற்றிய குழப்பம் இக்குறையில் பெரும்பங்கு வகிக்கிறது. அம்பாசிடருக்குரிய பழைய டயரின் பக்கச்சுவரில் 5.90-15 என்று பொறித்திருக்கும்; அதாவது காற்றடைத்த நிலையில் அதன் அகலம் ஏறத்தாழ 5.90 அங்குலம், அது ஏறும் ரிம்மின் விட்டம் 15 அங்குலம். 5.90 அங்குலம் என்பது 150 மில்லிமீட்டர். இந்த டயர் எளிதில் கிடைக்காதபோதும், அகன்ற டயர் கம்பீரமாகத் தோன்றும் என்ற எண்ணத்தாலும், 205/65 ஆர் 15 போன்ற ரேடியல் டயர்களைச் சிலர் ஏற்றிவிடுகின்றனர். இதில் 205 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு என்பதைக் குறிக்கும். கணக்கிட்டுப் பார்த்தால் இந்த டயரின் மொத்த உயரம் ஏறத்தாழ 648 மில்லிமீட்டர். 205/70 என்றால் 668 மில்லிமீட்டர். உயரத்தில் பெரிய தீங்கில்லை என்றாலும், அகலம் 55 மில்லிமீட்டர் கூடியிருப்பதால், ரிம் அதே இடத்தில் இருக்கும் நிலையில் டயர் ஒவ்வொரு பக்கமும் 27 மில்லிமீட்டருக்கு மேல் புடைக்கிறது. மட்கார்டின் விளிம்புக்கும் டயருக்கும் நடுவே இருந்த இரண்டு விரற்கடை இடைவெளியில் ஒன்றரை விரற்கடை இவ்வாறே கரைந்துவிடுகிறது. இதற்கு மேலும் அலாய் வீல் பொருத்தி, அது உள்ளே இடிக்காமல் இருக்க ஸ்பேசர் எனப்படும் தட்டையும் செருகினால், சக்கரம் இன்னும் வெளியே வருகிறது. இவ்வாறு மாற்றிய காரில் உரசலுக்கான மருந்து, மாற்றியதைக் கழற்றிவிடுவதே. வேறு வழிகளை ஆராய்வதில் இவ்வுரைக்கு ஆர்வமில்லை.

ஆனால் டயரும் ரிம்மும் உரிய அளவில் இருந்தும் உரசும் கார்கள் உண்டு, அவையே கவனத்துக்குரியவை. அவற்றைப் பார்த்ததும் அனுபவமுள்ள மெக்கானிக் சொல்வது, ‘முன்பக்கம் உட்கார்ந்துவிட்டது’ என்பதாகும். உட்காருவதற்குக் காரணமான உறுப்புதான் முறுக்குக் கம்பி. பட்டறையில் அதை டார்ஷன் பார் என்பார்கள்.

ஒரு நீண்ட உருக்குக் கம்பியின் ஒரு முனையைக் காரின் சட்டத்தில் திரும்பாதபடி பூட்டிவிட்டு, மறுமுனையைக் கீழ்க்கையின் கீல் இருக்கும் இடத்தில் இணைத்தால், சக்கரம் மேலேறும்போதெல்லாம் கீழ்க்கை கம்பியை முறுக்கும். ஈரத்துணியைப் பிழியும் கைகள் செய்யும் வேலையும் இதுவே, துணி எதிர்ப்பதில்லை, உருக்கு எதிர்க்கிறது என்பதே வேறுபாடு. அந்த எதிர்ப்பே காரைத் தாங்குகிறது. சுருளும் இல்லை, பட்டைகளின் அடுக்கும் இல்லை; காரின் அடியில் நீளவாக்கில் படுத்திருக்கும் இரு கம்பிகள் மட்டுமே எஞ்சினின் பாரத்தையும் முன்னிருக்கையில் அமர்ந்தோரின் எடையையும் சுமக்கின்றன. பல காலமாகக் காருக்கு அடியில் குனிந்து பார்ப்பவர்கள்கூட, அவை ஏதோ சட்டத்தை இறுக்கிக் கட்டும் கம்பிகள் என்றே எண்ணிவிடுவதுண்டு.

இவ்வமைப்புக்கு ஃபெர்டினாண்ட் போர்ஷே 1931இல் ஜெர்மனியில் காப்புரிமை கோரினார். 1934இல் வெளிவந்த சிட்ரோயன் டிராக்‌ஷன் அவாந்த் அதைக் கையாண்டது. பின்னர் மாரிஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக் இசிகோனிஸ், 1948இல் வெளியான மாரிஸ் மைனர் காரின் முன்சக்கரங்களுக்கு முறுக்குக் கம்பியைத் தேர்ந்தார். அதே நிறுவனத்தின் ஆக்ஸ்ஃபோர்டு வழியாக அது உத்தர்பாராவுக்கும், அங்கிருந்து தருமபுரியின் தொப்பூர்க் கணவாய்க்கும் வந்து சேர்ந்தது. கட்டைவண்டித் தடங்களிலும் தார் கண்டிராத சாலைகளிலும் அம்பாசிடர் தளராமல் ஓடியதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இக்கம்பிக்கு உரிய இடம் பெரும்பாலும் தரப்படுவதில்லை. புகழ் முழுவதையும் தடித்த தகடே பெற்றுக்கொண்டது.

கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பது இயந்திரவியலில் எளிய விதி. விட்டத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் விறைப்பு நூற்றுக்கு 46 பங்கு கூடும். துருவேறி விட்டம் இருபதில் ஒரு பங்கு குறைந்தால் விறைப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 19 பங்கு குறைந்துவிடும். முறுக்கினால் விளையும் அழுத்தம் கம்பியின் மையத்தில் ஏதுமின்றி, மேற்பரப்பில் மிக அதிகமாக இருக்கும். ஆகையால் கம்பியின் மேல் உளியால் இடும் ஒரு குறியோ, வெல்டிங் பொறி பட்ட ஒரு புள்ளியோ விரிசலின் தொடக்கமாகிவிடும். இதை அறியாத சிலர், கம்பி தளர்ந்துவிட்டது என்று எண்ணி அதைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கச் சொல்கின்றனர். வில்லுக்குரிய உருக்கு, தொழிற்சாலையில் குறிப்பிட்ட வெப்பத்தில் பதப்படுத்தப்பட்டது. கொல்லன் உலையின் நெருப்பு அந்தப் பதத்தைக் கலைத்துவிடும், பின் அக்கம்பி முறியலாம் அல்லது சில மாதங்களில் இன்னும் கீழே உட்காரலாம்.

நேயர்கள் இவ்விடத்தில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். உட்கார்ந்துபோன கம்பி பலவீனமானது அன்று. உருக்கின் மீள்தன்மை எண் ஆண்டுகள் கழிவதால் குறைவதில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு கிலோ பாரத்துக்கு எத்தனை பாகை முறுகியதோ, இன்றும் அவ்வளவே முறுகும். மாறியது அதன் தொடக்க நிலை மட்டுமே. அளவுக்கு மீறிய பாரத்தால் நெடுங்காலம் முறுக்கப்பட்ட கம்பி, பாரத்தை எடுத்த பின்னும் பழைய கோணத்துக்கு முழுமையாகத் திரும்பாமல் ஒரு பாகை இரண்டு பாகை முறுக்கிலேயே தங்கிவிடுகிறது. ஐந்து பேருக்கான காரில் ஒன்பது பேர் ஏறிக் கோயிலுக்குப் போன காலங்களையும், பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு அதைவிடக் கனமான டீசல் எஞ்சினை ஏற்றிய வாடகைக் கார்களையும் நினைத்தால், இந்தத் தங்கல் வியப்புக்குரியதன்று. அந்தச் சில பாகைகளால்தான் முன்பக்கம் தாழ்ந்து, டயர் மட்கார்டைத் தொடுகிறது. தொடக்க நிலை மாறியதுதான் குறையென்றால், அதைத் திருப்பி அமைப்பதுதான் பரிகாரம்.

அதற்கான வழியைக் கம்பியை வடிவமைத்தவர்களே வைத்துப் போயிருக்கிறார்கள். கம்பியின் முனைகளில் நீளவாக்கில் வரிவரியாகப் பற்கள் செதுக்கப்பட்டிருக்கும். இவற்றை ஸ்ப்ளைன் என்பர். கம்பியை உருவி ஒரு பல் தள்ளிச் செருகினால், கீழ்க்கை தொங்கும் கோணம் மாறி, கார் நிற்கும் உயரம் கண்ணுக்குத் தெரியும்படி மாறும். இதில் மிக அழகிய ஏற்பாட்டை ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் பின்சக்கரக் கம்பியில் காணலாம். அதன் உள்முனையில் 40 பற்களும் வெளிமுனையில் 44 பற்களும் உள்ளன. உள்முனையில் ஒரு பல் நகர்த்தினால் 9 பாகை. வெளிமுனையில் ஒரு பல் நகர்த்தினால் 8 பாகைக்குச் சற்று மேல். ஒன்றை முன்னோக்கியும் மற்றொன்றைப் பின்னோக்கியும் ஒவ்வொரு பல் நகர்த்தினால், எஞ்சும் வேறுபாடு ஒரு பாகைக்கும் குறைவு. பெரிய பற்களைக் கொண்டே மிகச்சிறிய மாற்றத்தைப் பெறும் இந்த உத்தி, 1631இல் பியர் வெர்னியே விளக்கிய நுண்ணளவு கோலின் தத்துவமே ஆகும். பள்ளி ஆய்வகத்தில் வெர்னியர் அளவியால் கோலிக்குண்டின் விட்டத்தை அளந்த எவரும் அதே கணக்கைச் செய்தவர்தாம்.

கம்பியைத் தொடுவதற்கு முன் அளவு எடுக்க வேண்டும். சமமான சிமென்டுத் தரையில், நான்கு டயர்களிலும் உரிய காற்றுடன், காரை ஓரிரு முறை முன்னும் பின்னும் உருட்டி நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரையுள்ள உயரத்தை இருபக்கமும் அளக்க வேண்டும். இரு அளவுகளும் ஒன்றுக்கொன்று ஒத்திருந்து, காரின் கையேட்டில் உள்ளதைவிடக் குறைவாக இருந்தால் இரு கம்பிகளும் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று மட்டும் குறைந்திருந்தால் அப்பக்கத்துப் புஷ்ஷையும் கிங்பின்னையும் முதலில் சோதிக்க வேண்டும். கிங்பின் என்பது சக்கரம் இடவலமாகத் திரும்புவதற்கான அச்சுக்கம்பி. அது தேய்ந்திருந்தால் சக்கரத்தின் தலைப்பகுதி ஆடும். ஜாக்கியில் தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தாலே ஆட்டம் கைக்குத் தெரிந்துவிடும். தேய்ந்த புஷ்ஷை அப்படியே விட்டுவிட்டுக் கம்பியை மட்டும் உயர்த்துவது பாதி வேலை. அடுத்த மழைக்காலத்தில் கார் மீண்டும் அதே பட்டறைக்கு வரும்.

கம்பியை விடுவிக்கும் நேரம் ஆபத்தானது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். காரின் பாரத்தைத் தாங்கும் அளவுக்கு முறுக்கேறியிருக்கும் கம்பி, திடீரென விடுபட்டால் கீழ்க்கையைப் பெரும் வேகத்தில் கீழே அடிக்கும்; விரலோ முகமோ அவ்வழியில் இருக்கலாகாது. சட்டத்தை உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, கீழ்க்கையின் அடியில் வேறொரு ஜாக்கியை வைத்து, அதை மெல்ல மெல்ல இறக்கி, முறுக்கு முழுவதும் தளர்ந்த பின்னரே பூட்டுகளைக் கழற்ற வேண்டும். கம்பி இருந்த நிலையைப் பெயின்டால் குறிக்க வேண்டும், உளியால் அன்று. இடதுபக்கக் கம்பி இடதுக்கும் வலதுபக்கக் கம்பி வலதுக்குமே உரியது; தொழிற்சாலையிலேயே அவை ஒரு திசையில் வேண்டுமென்றே மிகையாக முறுக்கப்பட்டு, அத்திசையில் மட்டும் உழைக்குமாறு பழக்கப்பட்டவை. மாற்றிப் பூட்டினால் எதிர்த்திசையில் முறுக்கேறி, விரைவிலேயே உட்காரும் அல்லது முறியும். சுத்தம் செய்வதற்காக இரு கம்பிகளையும் ஒரே மண்ணெண்ணெய்த் தொட்டியில் போட்டுவிட்டு, எது எந்தப் பக்கம் என்று பின்னர் குழம்பும் பட்டறைகள் இல்லாமல் இல்லை.

உயரம் திரும்பியதும் இரண்டு வேலைகள் தாமே வந்து சேரும். ஒன்று, வீல் அலைன்மென்ட். கீழ்க்கையின் கோணம் மாறினால் சக்கரங்களின் சாய்வும் முன்நோக்கிய கோணமும் மாறும், அவற்றைச் சரிசெய்யாவிட்டால் புது டயர் ஓரத்தில் தேய்ந்துபோகும். மற்றொன்று, முகப்பு விளக்கு; முன்பக்கம் உயர்ந்த அளவுக்கு ஒளியும் உயர்ந்து எதிரே வருபவரின் கண்ணைக் கூசச்செய்யும் என்பதால், அதையும் தாழ்த்த வேண்டும்.

வேலை சரியாக நடந்ததா என்பதைச் சோதிக்கத் தருமபுரிப் பகுதியைவிட ஏற்ற இடம் குறைவே. முன்பு 7 என்றும் இப்போது 44 என்றும் எண் பெற்ற தேசிய நெடுஞ்சாலை, தருமபுரியிலிருந்து சேலம் நோக்கித் தொப்பூர்க் கணவாயில் வளைந்து இறங்குகிறது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்சக்கரங்களுக்கு மாறுகிறது என்பதைக் கணக்காகவே காட்டலாம். அம்பாசிடரின் முன் பின் அச்சுகளுக்கு இடையிலுள்ள தொலைவு 97 அங்குலம், அதாவது ஏறத்தாழ 2.46 மீட்டர். ஆட்களுடன் அதன் எடை 1,500 கிலோ என்றும், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளது என்றும் கொண்டால், புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியளவுக்கு வேகத்தைக் குறைக்கும் ஓட்டுநர், சமதரையிலேயே 180 கிலோவுக்குச் சற்று மேலான பாரத்தை முன்சக்கரங்களுக்குத் தள்ளிவிடுகிறார். இறக்கத்தின் சாய்வு அதற்கு மேலும் சேர்க்கும். அதே நேரத்தில் வளைவும் வந்தால், வெளிப்பக்கத்துச் சக்கரம் இந்தப் பாரத்தின் பெரும்பகுதியைத் தானே ஏற்கும். வீட்டு வாசலில் உரசாத கார் கணவாயில் உரசுவதன் காரணம் இதுவே. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கும் மலைச்சாலையும் இத்தகைய சோதனைக்கு ஏற்றது. அங்கே வாகனங்கள் மெல்லச் செல்வதால், ஒலியைக் கேட்பதும் எளிது. தொப்பூர் விபத்துகளுக்குப் பேர்போன இறக்கம் என்பதால், சோதனை என்ற பெயரில் அங்கே வேகம் கூட்டுவது அறிவுடைமை ஆகாது.

மட்கார்டையே திருத்த வேண்டிய நிலை அரிதாக வரலாம். விளிம்பின் உள்மடிப்பு துருத்திக்கொண்டிருந்தால், அதை மெல்ல உள்ளே அழுத்தி மடிக்கலாம். கோணலான மட்கார்டின் போல்டுகளைத் தளர்த்தி, வாஷர்களை வைத்து இடம் மாற்றிப் பூட்டலாம். தகட்டை வெட்டுவது வேறு கதை. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. மேலும் 2021 ஜூலையில் ஒன்றிய அரசு வகுத்த விதிகளின்படி, முதற்பதிவு முடிந்து 50 ஆண்டுகளைக் கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத கார்கள், மூலவடிவில் பேணப்பட்டிருந்தால் மட்டுமே பழம்பெரும் வாகனம் என்ற தனிப் பதிவுக்கு உரியவை. அவற்றின் எண் பலகையில் மாநிலக் குறியை அடுத்து ‘விஏ’ என்ற எழுத்துகள் இடம்பெறும். உடற்கூட்டிலும் சட்டத்திலும் எஞ்சினிலும் பெருமாற்றம் செய்த கார் இந்தத் தகுதியை இழக்கும். 1970களில் பதிவான அம்பாசிடர்கள் இப்போது அந்த ஐம்பதைத் தொட்டுக்கொண்டும் கடந்துகொண்டும் இருக்கின்றன என்பதால், ஒரு கட்டர் இயந்திரம் ஐந்து நிமிடத்தில் செய்யும் வேலை, அரை நூற்றாண்டு காத்திருப்பை வீணாக்கிவிடக்கூடும்.

புதிதாகச் செருகிய கம்பி முதற் சில நூறு கிலோமீட்டர்களில் சற்றே இறங்கிப் பின் நிலைகொள்ளும். ஆகையால் உயரத்தை மீண்டும் ஒருமுறை அளந்து, முதல் அளவின் பக்கத்திலேயே நோட்டில் தேதியுடன் எழுதிவைப்பது நன்று. காருடன் அந்த நோட்டும் கைமாறும் வழக்கம் நம் ஊர்களில் ஏற்படும் என்றும், மட்கார்டில் சுத்தியல் விழுவதற்கு முன் யாரேனும் ஒருவர் காருக்கு அடியில் குனிந்து, டேப்பால் அளந்து பார்ப்பார் என்றும் நம்பலாம்.